மண்டபம் ஆதரிக்கப்படவில்லை

கேமரா நின்றுபோனதற்குக் காரணம் நான் உண்மையைச் சொன்னதுதான். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு எது வேண்டுமானாலும் அப்படிப் படும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எங்கள் ஊர் மண்டபம்; அங்கிருந்து ராமநாதபுரத்துக்கு, பெண்களுக்கான மாலை நேரப் புகைப்பட வகுப்புக்குப் போகிறேன். எடுத்த படத்தைப் பற்றி எழுதினால் மட்டும் போதாது, எடுக்க முடியாமல் போன படத்தைப் பற்றியும் எழுதுங்கள் என்பார் அங்கே பாடம் நடத்தும் முருகலட்சுமி மிஸ். இது இரண்டில் எதில் சேரும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கேமராவை வாங்கிவந்தவர் வாவு முகம்மது சாச்சா, என் வாப்பாவின் தம்பி. மதுரைக்கும் கொழும்புக்கும் விமானத்தில் போய்வந்து வியாபாரம் செய்கிறவர். இங்கிருந்து கைலியும் சேலையும் போகும். அங்கிருந்து கிராம்பும் பட்டையும் சோப்பும் வரும். இப்படிப் பெட்டியோடு போய்ப் பெட்டியோடு வருகிறவர்களைக் குருவி என்பார்கள். சாச்சா காதுபடச் சொல்லக் கூடாது. "குருவி பறந்துபோயி கொத்திட்டு வரும். நா செய்யறது இம்போர்ட் எக்ஸ்போர்ட்டு" என்பார்.

எனக்கென்று கேமரா கிடையாது, வகுப்புக் கேமராவை வாசலைத் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், போன நோன்புக்கு முன்னால் கொழும்பிலிருந்து ஒன்றை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கே வராது. கடைக்காரர் அவருடைய நெடுநாள் சிநேகிதராம். அந்தக் கேமராவை ஒரு போனோடு கோத்தால்தான் வேலை செய்யும் என்று, சாச்சாவின் போனிலேயே அதற்கான ஆப்பை ஏற்றிக் கொடுத்திருந்தார். சாச்சாவின் போனில் நம்மூர் சிம் ஒன்று, இலங்கை சிம் ஒன்று.

"வாரண்டி உண்டா சாச்சா?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"ரெண்டு வருசம். நா நாலு வாட்டி கேட்டேன், நாலு வாட்டியும் உண்டுன்னான்."

எங்கே உண்டு என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இனி மர்வாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மர்வா சாச்சாவின் மகள், என்னைவிட ஒரு வயது சின்னவள்; என்னை லாத்தா, அதாவது அக்கா, என்பாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மறுவாரம் மாப்பிள்ளையோடு ஷார்ஜா போகிறாள். நகை, பட்டு எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவளும் அவள் உம்மாவும் சேர்ந்து நிற்கிற ஒரு படம்.

அவள் உம்மா உம்மு ஹபீபா சாச்சிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு படம்தான் உண்டு. ஆதார் கார்டில் இருப்பது. "அதுல இருக்கவ வந்து கதவத் தட்டுனா நா வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்பார் சாச்சி. அந்நிய ஆண் படம் எடுக்க நிற்க மாட்டார். மகள் கெஞ்சியதால் மூன்று நிபந்தனையோடு சம்மதித்தார். எடுக்கிறது நம் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். போனிலோ இரவல் கேமராவிலோ எடுக்கக் கூடாது. "போன்ல எடுத்தா நா பாக்கறதுக்கு முன்னாடி சவூதி பாத்துரும்." எடுத்து முடித்ததும் கேமராவுக்குள் இருக்கிற கார்டை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

நான் எடுக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து அழைத்துவருகிற ஆள் எடுப்பார். ட்ரோன் எல்லாம் வைத்திருக்கிறாராம். அவர் வந்தால் சாச்சி அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார். ட்ரோன் அடுப்படிக்குள்ளும் வருமா என்று கேட்டு வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை, ஒத்திகையாக மர்வாவை மட்டும் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். படம் நன்றாகவே வந்தது. ஆனால் அதன் மூலையில் இருந்த தேதி தப்பாக இருந்தது, மர்வா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துத் தேதி. கல்யாணப் படத்தில் தேதி தப்பாக இருந்தால் பிற்காலத்தில் யாராவது கேட்பார்களே என்று, அதைச் சரிசெய்வதற்காக சாச்சாவின் போனை வாங்கி ஆப்பைத் திறந்தேன். அது தமிழிலேயே பேசியது. ஆனால் யாரோ சரியாகத் தமிழ் தெரியாதவர்கள் ஏற்றிய தமிழ். 'மின்கலம் பசியாக உள்ளது' என்றது. 'அட்டயை செருகவும்' என்றது. பிறகு, 'உங்கள் வீடு எந்த நாடு? ஒருமுறை மட்டுமே சொல்ல முடியும்' என்று கேட்டது.

இந்தியா என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

கேமரா ஒரு விக்கல் விக்கிவிட்டு இருண்டது. அதன் திரையில் சிவப்பாக ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

சாச்சா வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேமராவை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு உரக்க வாசித்தார்.

"உங்கள் மண்டபம் ஆதரிக்கப்படவில்லை."

சாச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம மண்டபத்தையா?" என்றார் சாச்சி.

"மண்டபம் என்ன செஞ்சுச்சு அவனுக்கு?" என்றான் என் அண்ணன் இஃப்திகார் காக்கா. அவன் சுற்றுலா வேன் ஓட்டுகிறான். ஊரை யாராவது ஒன்று சொன்னால் அவனுக்குத் தாங்காது.

நான் எட்டிப் பார்த்தேன். 'மண்டலம்' என்றுதான் இருந்தது. "சாச்சா, அது ல. மண்டலம்."

"மண்டலமா? மண்டலம்னா சபரிமலைக்கு மால போடுவாங்களே, அதா? அதுக்கும் கேமராவுக்கும் என்ன புள்ள சம்பந்தம்? மண்டபம்னு எழுத வந்தவன் எழுத்தத் தப்பா போட்டுட்டான். அட்டைய சரியா எழுதத் தெரியாதவன்தான அவன்?"

 அட்டையை அவர்கள் தப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பிழை விட்டவர்கள் இன்னொரு பிழை விடமாட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? இங்கே மண்டலம் என்றால் நாடு என்று பொருளாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சொல்வதற்குள் சாச்சா வேனில் ஏறிவிட்டார்.

"நாடு எதுன்னு கேட்டா சிலோன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான" என்றான் காக்கா, வண்டியை எடுத்துக்கொண்டே. "ஒன்னைய யாரு உண்மையச் சொல்லச் சொன்னா?"

சாச்சாவின் கணக்கு இது: மண்டபத்தை ஆதரிக்கவில்லை என்றால் வேறு ஏதோ ஓர் ஊரை ஆதரிக்கத்தான் வேண்டும். ஆதரிக்கிற ஊர் எது என்று கண்டுபிடித்து, படத்தை அங்கே வைத்து எடுத்துவிட வேண்டியது. புதன்கிழமை மேற்கே போனோம். உச்சிப்புளியில் கடைத்தெரு ஓரமாக வண்டியை நிறுத்தி கேமராவைப் போட்டேன். அதே வரி. ராமநாதபுரம் அரண்மனை வாசலில் போட்டேன். அதே வரி.

"ஜில்லா தலைநகரத்தையே ஆதரிக்கலையா!" என்றார் சாச்சா. பிறகு திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இங்கன வந்தும் மண்டபம்னுதான் போட்டிருக்கான். நம்மள அடையாளம் வச்சுக்கிட்டான்மா. எங்க போனாலும் மண்டபத்துக்காரன்னு தெரியுது" என்றார்.

அப்படியே கேமரா பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கும் போனோம். கடைக்காரர் கேமராவைக் கையில் வாங்கவில்லை. மேசை மேல் வைக்கச் சொல்லி, குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது சிலோன் பீசு பாய். வாங்குன நாட்டுலதான் வாரண்டி."

"நம்ம நாட்டுல கெடையாதா?"

"கெடையாது. நா தொறந்தேன்னு வைங்க, அங்கன இருக்க வாரண்டியும் போயிரும்."

"அங்கன இருக்க வாரண்டி அங்கனயே இருக்கட்டும்பா. இங்கன இருக்க கேமராவப் பாரு."

"தொறக்காமப் பாக்குறதுன்னா பாக்குறேன்" என்று சொல்லி, அவர் உண்மையாகவே கொஞ்ச நேரம் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பிறகு திரும்பி வந்தோம்.

வீட்டில் மர்வா வாசல்படியிலேயே நின்றாள். என் கையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். அவளாகவே, "பரவால்ல லாத்தா. ட்ரோன்காரன் வரட்டும். எங்க உம்மாவோட கைய மட்டுமாவது எடுக்க விடுவாங்களான்னு கேக்குறேன். சோறு வைக்கும்போது" என்றாள். அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. தேதி தப்பாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகியிருக்காது.

வியாழக்கிழமை சாச்சா கிழக்கே போகலாம் என்றார். பாம்பன் பாலத்தின் நடுவில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அங்கே ஊர் என்று எதுவும் இல்லாததால் ஆதரிக்கலாம் என்பது காக்காவின் யோசனை. ஆதரிக்கவில்லை. தங்கச்சிமடத்தில் மாதா கோயிலுக்கு எதிரே போட்டேன். இல்லை. ராமேஸ்வரத்தில் கீழ ரத வீதியில், முழுகிவிட்டு ஈரத்தோடு போகிற வடநாட்டுக்காரர்களுக்கு நடுவில் போட்டேன்.

"காசில இருந்து ரயிலேறி வாரான், இந்த ஊர ஆதரிச்சு. இந்தக் கேமராக்காரன் ஆதரிக்க மாட்டானாமா?" என்றார் சாச்சா. அவருக்கு இப்போது உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. "இனிமே ஊரே இல்லையே."

"தனுஷ்கோடி இருக்கு" என்றான் காக்கா.

"அங்கன யாரு இருக்கா?"

"யாரும் இல்லாத ஊர ஆதரிக்கிறது ஈசிதான சாச்சா?"

தனுஷ்கோடி சோதனைச் சாவடியில் ஒரு காவலர் வண்டியை நிறுத்தினார். சட்டையில் மூக்கையா என்று பெயர் இருந்தது. சவாரி இல்லாத சுற்றுலா வேனில் மூன்று பேர் மட்டும் போவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்குப் போறீங்க?"

"வாரண்டி விசயமா" என்றார் சாச்சா.

மூக்கையா நிமிர்ந்தார். "யாரு மேல வாரண்டு?"

"மேல இல்ல சார். கேமராவுக்கு."

"கேமராவுக்கு வாரண்டா? அது என்னய்யா பண்ணுச்சு?"

"ஒண்ணுமே பண்ணலைங்க சார், அதான் பிரச்சன" என்றான் காக்கா.

மூக்கையா கேமராவை வாங்கிப் பார்த்தார். சிவப்பு வரியை வாசித்தார். "ஏன்பா, மண்டபத்த ஆதரிக்கலையாம்ல?" என்றார். சாச்சா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். அரசாங்கமே அப்படித்தான் வாசித்தது.

சாலை அரிச்சல்முனையில் ஒரு வட்டம் அடித்து முடிந்துவிடும். அதற்கு அப்பால் கொஞ்சம் மணல், அதற்கும் அப்பால் கடல். நாங்கள் வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாச்சாவின் போன் ஒலித்தது. அவருடைய இலங்கை சிம்முக்கு ஒரு செய்தி. தாயகம் திரும்பியதற்கு நல்வரவு என்று மூன்று மொழியில் வந்திருந்தது.

என் மடியில் இருந்த கேமரா விக்கியது. திரை வெளிச்சமானது. 'உங்கள் மண்டலம் ஆதரிக்கப்படுகிறது. உத்தரவாதம் உயிருடன் உள்ளது.' சிவப்பு போய் எழுத்துகள் பச்சையாகியிருந்தன.

எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இங்கே நம்மூர் செல்போன் கோபுரத்தைவிடக் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம்தான் பலமாகப் பிடிக்கிறது. போன் தன்னை இலங்கையில் இருப்பதாக நினைக்கிறது. போன் நினைப்பதைக் கேமரா நம்புகிறது. "சாச்சா, இங்க பாருங்க. மண்டலம்னு தெளிவா இருக்கு" என்று திரையைக் காட்டினேன்.

சாச்சா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஆமா. இங்கன கரெக்டா எழுதியிருக்கான்."

ஆப்பிலேயே வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு பொத்தான் இருந்தது. இவ்வளவு நாள் மங்கிக் கிடந்தது, இப்போது பச்சையாகியிருந்தது. அழுத்தினேன். உடனே ஒரு பெண் எடுத்தார்.

"வணக்கம், மாலதி கதைக்கிறன். சொல்லுங்கோ, உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

நாட்டைத் தப்பாக, அதாவது சரியாக, சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"அது பிரச்சினை இல்லை அக்கா. உங்களுக்கு வாரண்டி இருக்கு. கமராவை நேரில கொண்டுவந்தால் ரெண்டு நிமிஷ வேலை. எங்கட திரையில மன்னார்ப் பக்கம் நிக்கிறீங்கள் எண்டு காட்டுது. தலைமன்னார்ல எங்கட ஆள் இருக்கிறார், உங்களுக்கு முப்பது கிலோமீற்றர்தான். பஸ்ஸில வாங்கோவன்."

"பஸ் இல்லைங்க."

"அப்ப ஓட்டோ?"

"ஆட்டோவும் வராதுங்க."

"றோட்டில ஏதும் பிரச்சினையோ?"

பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். ஏற்கெனவே உண்மையைச் சொல்லி இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, பாதியில் மாற்றுவது சரியாக இருக்காது. "ரோடு இங்கேயே முடிஞ்சிருதுங்க."

"அதுக்குப் பிறகு?"

"தண்ணி."

"வெள்ளமோ?"

"கடலுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அது என் பக்கத்துக் காற்றாகவும் இருக்கலாம்.

"அக்கா, நீங்கள் இந்தியாவிலயா நிக்கிறீங்கள்?"

"நான் நிக்கிறது இந்தியாவுலதான். கேமராதான் உங்க நாட்டுல நிக்கிது."

சாச்சா போனைப் பிடுங்கினார். "தங்கச்சி, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. வாரண்டி இருக்கா இல்லையா?"

"இருக்கு ஐயா. நீங்கள் நிக்கிற இடத்தில இருக்கு" என்றார் மாலதி. "அங்கயிருந்து அசையாதேங்கோ."

கொழும்புக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்துகொண்டு வர சாச்சாவால் முடியும். ஆனால் பெண்ணைப் பெற்றவர் நிக்காஹ் வாரத்தில் விமானம் ஏறினால் ஊர் என்ன சொல்லும்? தெரிந்த மீன்காரர் ஒருவர் நடுக்கடலில் வைத்துக் கைமாற்றிவிடலாம் என்றார். அவரை சாச்சா பேசி முடிக்கவே விடவில்லை. "அப்பறம் நெசமாவே வாரண்டு வரும்."

திரும்புகிற வழியில், சாவடியைத் தாண்டியதும் கேமரா விக்கி அணைந்தது.

வீட்டில் சாச்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எங்கேயாவது ஓரிடத்தில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நோயாளியைப் பற்றி விசாரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கே போனால் நன்றாக இருக்கிறதா? முழுசாக வேலை செய்கிறதா? இங்கே வந்தால்தான் மயக்கமா?

"ஆமா சாச்சி."

"அப்போ அது வரமுடியாதுன்னா நாம போவோம். சொகமில்லாதவங்களப் பாக்க நாமதான போறோம், அவங்களையா வரச்சொல்றோம்?" என்றவர், துருவலை வழித்துப் போட்டுவிட்டு, "ஆனா அங்கன ஆம்பளைக கூட்டமா இருப்பாங்களே" என்றார்.

அது எனக்கு ராத்திரி முழுக்க யோசனையாக இருந்தது. போர்வையைக் கட்டி மறைக்கலாம், காற்று தூக்கிவிடும். குடை, அதையும் தூக்கிவிடும். வேனுக்குள்ளேயே எடுக்கலாம், வெளிச்சம் போதாது. காலையில் மர்வாதான் வழி சொன்னாள். "மாமி, பெரியம்மா, தெருப் பொண்ணுங்க எல்லாரும் பர்தாவோட வரட்டும் லாத்தா. வெளிப்பக்கம் முதுகக் காட்டி வட்டமா நிக்கட்டும். உள்ள நானும் உம்மாவும் நீங்களும்."

சனிக்கிழமை, சாவடி திறந்ததும் முதல் வண்டியாக நின்றோம். மூக்கையா எட்டிப் பார்த்தார். வேன் முழுக்கப் பெண்கள், மருதாணிக் கைகள், ஒரு தூக்குச்சட்டி நிறைய இனிப்பு வட்டிலப்பம்.

"இன்னைக்கு எதுக்கு?"

"அதே வாரண்டிதான் சார்" என்றார் சாச்சா.

"இத்தன பேருக்கா?"

முனையில் எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனால் நாங்கள் இறங்கி வட்டமாக நின்று முடிப்பதற்குள் இரண்டு பேருந்துக் கூட்டம் வந்துவிட்டது. மணலில் கறுப்பாக ஒரு வளையத்தைப் பார்த்ததும் எல்லோரும் நேராக அங்கேதான் வந்தார்கள். ஆண்களை எட்ட நிறுத்துவது சாச்சா, காக்கா இருவர் பொறுப்பு. ஓர் ஆள் மிகவும் பணிவாக, "இது என்ன பரிகாரங்க? நாங்களும் செய்யலாமா?" என்று கேட்பது உள்ளே எனக்குக் கேட்டது.

"கல்யாணம் ஆகப்போற பொண்ணு இருந்தாச் செய்யலாம்" என்றான் காக்கா.

"எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குங்க, வரன் தகைய மாட்டேங்குது."

வளையத்துக்குள் சாச்சி பர்தாவைக் கழற்றி மாமியின் தோளில் போட்டார். உள்ளே பச்சைப் பட்டு கட்டியிருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. மர்வா பக்கத்தில் போய் நின்றாள். நான் பாட்டரியைப் பார்த்தேன், கார்டைப் பார்த்தேன், லென்ஸைத் துடைத்தேன், மறுபடியும் கார்டைப் பார்த்தேன். கண்ணில் வைத்தேன். திரை சிவப்பாக இருந்தது.

"என்னாச்சு?" என்றார் சாச்சி.

"இந்தியா வந்துருச்சு சாச்சி."

இதை நான் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும். கோபுரம் ஒரே நிலையில் நிற்கிறது. ஆனால் அதன் வீச்சு அலைபோல வந்துவந்து போகிறது. வியாழக்கிழமை நல்ல நேரத்தில் வந்திருக்கிறோம். சாச்சாவின் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பெரியம்மா வளையத்துக்குள் கிழக்குப் பக்கமாக நின்றார். அதுதான் எங்களுடைய காற்றுமானி.

"சிலோன் வந்துருச்சு!" என்று கத்தினார்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் கேமராவை உயர்த்தினேன். "போயிருச்சு" என்றார்.

"நில்லுங்க, வருது... வருது... வந்துருச்சு!"

ஒன்று எடுத்தேன். மர்வா கண்ணை மூடியிருந்தாள்.

"போயிருச்சு."

வளையத்தில் நின்ற பெண்கள் முதுகைத் திருப்பாமலே சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஏளா, சிலோன் என்ன, கரண்டா? வந்து வந்து போகுது?" என்றாள் ஒருத்தி. வெளியே வரன் தகையாத பெண்ணின் தகப்பனார், "மந்திரம் ஆரம்பிச்சுட்டாங்க போல" என்றார். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா "வந்துருச்சு" என்று கத்த, வெளியிலிருந்தும் பத்துக் குரல் "வந்துருச்சு" என்று திருப்பிச் சொல்லத் தொடங்கியது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

 கூர்மை சரியாக இருக்கிறதா, வெளிச்சம் அதிகமா என்றெல்லாம் பார்க்க நேரமே கொடுக்கவில்லை. வகுப்பில் மூன்று முறை யோசித்துவிட்டு ஒருமுறை அழுத்து என்பார்கள். இங்கே ஒருமுறை யோசிப்பதற்குள் நாடு மாறிவிடுகிறது. ஆகவே யோசிப்பதை விட்டேன். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல், கத்தினால் அழுத்துவது என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

சாச்சி அதுவரை ஆதார் கார்டில் நிற்பதுபோலவே விறைத்து நின்றார். வெளியே அந்தத் தகப்பனார், "அம்மா, எங்க பொண்ணு பேரையும் சேத்துச் சொல்லுங்கம்மா, பேரு கனகலட்சுமி" என்று குரல் கொடுத்தார். சாச்சிக்கு முதலில் உதடு மட்டும் கோணியது. பிறகு தோள் குலுங்கியது. மர்வாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வாயைப் பொத்தக்கூட மறந்து, பல் எல்லாம் தெரியச் சிரித்தார்.

"வந்துருச்சு!"

அழுத்தினேன்.

படம் திரையில் வந்தது. உம்மாவும் மகளும், பின்னால் கறுப்புப் பர்தாக்களுக்கு மேலே கொஞ்சம் கடல். மர்வா கேமராவைப் பார்க்கவில்லை, அவள் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மூலையில், போனைப் பார்த்துத் திருத்திக்கொண்ட சரியான தேதி. அதற்குப் பக்கத்தில் இடம்: மன்னார், இலங்கை.

சாச்சியிடம் நீட்டினேன். அவர் கேமராவை இரண்டு கையாலும் வாங்கி, வெயிலுக்கு முந்தானையைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.  

"இது என்ன எழுதியிருக்கு?"

"எடுத்த எடம் சாச்சி. இலங்கைன்னு போட்டிருக்கு."

சாச்சி வளையத்துக்கு வெளியே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "ஏங்க! கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்து சிலோனுக்குக் கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீகளே. வந்துட்டேன். வேன்லயே வந்துட்டேன்!"

"முடிஞ்சிருச்சா?" என்றார் சாச்சா வெளியிலிருந்து. "முடிஞ்சதுன்னா கெளம்புங்க. இங்கன எல்லாரும் எங்கிட்டத் தட்சிணை எவ்வளவுன்னு கேக்குறாங்க."

சாச்சி மறுபடியும் குனிந்து பார்த்தார். அதற்குள் திரை இருண்டு சிவப்பு வரி வந்திருந்தது. அதைத் தன் கண்ணாலேயே எழுத்துக்கூட்டி வாசித்தார். "உங்கள் மண்... டலம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொன்னதுதான் புள்ள சரி."

"கார்ட எடுத்துத் தரவா சாச்சி?"

"அப்பறம் தா. இன்னொருக்கா அந்தப் படத்தக் காட்டு."

"சிலோன் வரணும் சாச்சி."

"வரட்டும். நிப்போம்" என்றார். பெரியம்மா போனை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார். வளையத்தில் யாரும் கலையவில்லை. மாமி மட்டும் ஒரு கையால் தூக்குச்சட்டியைத் திறந்து, பக்கத்தில் இருந்தவளிடம் தட்டு இருக்கிறதா என்று கேட்டார்.